இரண்டு விரல் இறங்கிய சீட்டு

"இன்னைக்கும் வண்டி சீட்டு ரெண்டு விரல் எறங்கிக் கீது மேரி! நேத்து சாயங்காலம்தான் நல்லா முறுக்கி வச்சேன்!" என்று வாசலிலிருந்தே கத்தினான் அன்புராஜ்.

மேரி கண்ணாடி முன்னால் நின்று கம்பெனி அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டிருந்தாள். "மொதல்ல வந்து சோத்தத் துண்ணு. மூணு மணிக்கு எனக்கு பஸ்ஸு."

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் அவனுக்குக் காலை ஷிப்ட். அங்கேயே வேறொரு கம்பெனியில் அவளுக்கு மாலை ஷிப்ட். வார நாட்களில் புருஷனும் பெண்டாட்டியும் முகம் பார்த்துப் பேசக் கிடைப்பது இந்த இருபது நிமிடம்தான். இரண்டு மாதமாக அதையும் அந்த ஒற்றைச் சக்கர சைக்கிள் தின்றுகொண்டிருந்தது.

மெஷின் பூட்ட வந்த வெளிநாட்டு என்ஜினீயர் ஊருக்குத் திரும்பும்போது அன்புராஜுக்கு அன்பளிப்பாக விட்டுப்போன வண்டி அது. ஒரே சக்கரம், ஹேண்டில்பார் கிடையாது, பிரேக் லீவர் சீட்டுக்கு அடியில். ஆனால் கியர் உண்டு. ஓட்டிக்கொண்டே, பெடல் சுற்றும் நடு அச்சில் இருக்கிற பொத்தானைக் குதிகாலால் தட்ட வேண்டும். கியர் விழுந்தால் ஒரு மிதிக்குச் சக்கரம் ஒன்றரைச் சுற்று சுற்றும். இதுவரை தட்டிய போதெல்லாம் விழுந்தது கியர் இல்லை, அன்புராஜ்தான்.

வண்டி வந்த அன்று மேரி ஆசையாக அதைத் தொட்டுப் பார்த்தாள். "நீ கிட்டயே வராத. இடுப்பு ஒடஞ்சிடும்" என்று துரத்திவிட்டான். அதற்குப் பிறகு அவனுடைய முட்டிதான் நாலு தடவை சிராய்த்தது.

"சீட்டு மட்டும் இல்ல, பிரேக் லீவரும்தான்," என்றான், சோற்றைப் பிசைந்தபடி. "என் வெரலுக்கு ஏத்த மாதிரி வச்சா, மறுநாளு உள்ள வந்து நிக்குது. லேசா தொட்டாலே சக்கரம் கப்புனு நின்னுடுது. நான் மட்டும் முன்னால போறேன். அதிர்வுல ஸ்க்ரூ லூசாவுதுன்னு எங்க கம்பெனி பென்னி சொல்றான்."

"லூசானா வெளிய போவும். உள்ளயா வரும்?"

அன்புராஜின் கை தட்டிலேயே நின்றது. பதினோரு வருஷமாக ஃபிட்டர் வேலை பார்க்கிறவனுக்கு இது தோன்றவில்லையே என்று வெட்கமாக இருந்தது. பேச்சை மாற்றினான்.

"முழங்கையில இன்னா பிளாஸ்திரி?"

"இடிச்சிக்கினேன்," என்றாள் மேரி. பிறகு பையை எடுத்துக்கொண்டு, "இத பாரு. ஒரு வண்டிய வச்சிக்கினு தெனமும் இந்த பேஜாரு எனக்கு வேணாம். செவ்வாப்பேட்டைலேர்ந்து தேசப்பன்னு ஒருத்தரு ஞாயித்துக்கெழம வராரு. வண்டி விஷயமா பேசி முடிச்சிட்டேன். அதுக்குள்ள நீ கியர் போட கத்துக்கோ."

"வித்துடப் போறியா?"

தெருமுனையில் பஸ் ஹாரன் அடித்தது. மேரி செருப்பை மாட்டிக்கொண்டு ஓடிவிட்டாள்.

அன்புராஜுக்கு அதற்குமேல் சோறு இறங்கவில்லை. அந்த வண்டியில் ஏறினால் நாற்பது வயது அவனுக்கு மறந்துபோகும். சண்டை போட்டுப் பார்க்கலாம்தான், ஆனால் மேரி பேசி முடித்துவிட்டாள் என்றால் முடித்ததுதான். வண்டி போகட்டும், போவதற்கு முன் ஒரே ஒரு தடவையாவது கியர் போட்டுவிட வேண்டும் என்று வைராக்கியம் வந்துவிட்டது. அன்றே பிரேக் கேபிளை அரைச் சுற்றுத் தளர்த்தி, லீவரை இழுத்தால் சக்கரம் மெதுவாக உரசி நிற்கும்படி செய்தான்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் நேராக சிப்காட்டின் பின் ரோட்டுக்கு வந்தார்கள். லாரி ஒன்றுகூட இல்லை. அன்புராஜ் வழக்கம்போல் காம்பவுண்டுச் சுவரைப் பிடித்து ஏறினான்.

"ஒதைக்காத, தட்டு!" என்று பின்னாலிருந்து மேரி கத்தினாள். "குனிஞ்சி பொத்தானப் பாக்காத! நேரா பாரு!"

நேராகப் பார்த்தான். தட்டினான். 'டிக்' என்றது.

சக்கரம் முன்னால் பாய்ந்தது. உடம்பு ஒரு தரம் ஆடி, நிமிர்ந்து, அப்படியே போயிற்று. வேப்பமரம் போயிற்று, டீக்கடை போயிற்று, புதுச்சட்டை காற்றில் உப்பியது. "மேரி! போட்டுட்டேன் மேரி!" என்று ரோடு முழுக்கக் கூவினான். கடைசியில் பிரேக்கை இழுத்தான். சக்கரம் சொன்ன பேச்சைக் கேட்டு நின்றது.

சிரித்துக்கொண்டே வண்டியைத் தள்ளிவந்தவன், மேரி பக்கத்தில் ஒரு குட்டியானை வேன் நிற்பதைப் பார்த்தான். சிரிப்பு சுருங்கிப்போயிற்று. வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் இறங்கினார்.

"தேசப்பன் சாரா? எடுத்துக்கினு போங்க," என்று வண்டியை நீட்டினான். "பிரேக் இப்பதான் சரியா வச்சிக்கீறேன். பத்ரமா பாத்துக்கோங்க."

தேசப்பன் முழித்தார். "அத எதுக்கு நைனா எங்கிட்ட குடுக்குற?" என்றபடி வேனின் தார்ப்பாயை விலக்கினார். உள்ளே சிவப்பாக இன்னொரு ஒற்றைச் சக்கர சைக்கிள். "எம் பையன் கனடா போய்ட்டான். இத வாங்கிக்கிறேன்னு உங்க ஊட்டம்மாதான் போன் பண்ணாங்கோ. ஓட்டிப் பாத்துட்டுதான் எடுப்பாங்களாம்."

மேரி துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டினாள். எந்தச் சுவரையும் பிடிக்காமல் சிவப்பு வண்டியில் ஏறினாள். பத்தடி தள்ளி 'டிக்' என்றது.

வாய் பிளந்து நின்ற அன்புராஜைப் பார்த்து, வேப்பமரத்தைத் தாண்டும்போது கத்தினாள்: "இனிமே உன் சீட்ட எறக்க மாட்டேன்யா!"