அழிச்சிட்டுத் திரும்பப் போடுங்க

“ரொம்ப நல்லது சார். இப்போ அதை அழிச்சிடுங்க.”

போன் ஸ்பீக்கரில் வந்த குரலைக் கேட்டுக் கணவரும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அவர்களுடைய ரத்தப் பரிசோதனை லேபுக்குப் புது சர்வர் கம்ப்யூட்டரும் அதில் போட மென்பொருளும் வந்திருந்தன. கம்பெனியே எல்லாவற்றையும் அமைத்து, பென்டிரைவில் போட்டு அனுப்பிவிடும். கம்பெனி ஆள் போனில் சொல்லச் சொல்ல, இவர்கள் பட்டனை அழுத்தினால் போதும்.

அப்படி அழுத்தி அழுத்தி, இப்போதுதான் திரையில் லேபின் பெயர் வந்து நின்றது. பழைய கம்ப்யூட்டர் இன்றோ நாளையோ என்று இழுத்துக்கொண்டிருந்தது. நாளைக் காலையிலிருந்து ரிப்போர்ட் எல்லாம் இதில்தான் எடுத்தாக வேண்டும்.

“நல்லாத்தானே ஓடுது?” என்றார் கணவர்.

“ஓடுது சார். அழிச்சிட்டு, முதல்லேர்ந்து திரும்பப் போடுங்க. இந்தத் தடவை நான் வாயே திறக்க மாட்டேன்.”

மனைவி போனை மியூட்டில் போட்டாள்.

“என்னங்க, கட்டின வீட்டை இடிச்சிட்டுத் திரும்பக் கட்டுன்னு எந்த மேஸ்திரியாவது சொல்வாரா? இந்த ஆள் எதையோ உள்ளே நுழைக்கப் பார்க்கிறார். நம்ம பேஷன்ட் விவரமெல்லாம் எங்கேயோ போகப் போகுது.”

“உனக்கு யாரைப் பார்த்தாலும் சந்தேகம்.”

“சந்தேகப்படாம நீங்க வாங்கின பிரிண்டர் அதோ இருக்கு பாருங்க. பேப்பரை முழுங்கிட்டு உட்கார்ந்திருக்கு.”

மியூட்டை எடுத்தாள். “உங்க மேலதிகாரிகிட்ட பேசணும்.”

“அவர் சீட்ல இல்லை மேடம்.”

“வேற யாராவது?”

“இப்போதைக்கு நான் மட்டும்தான்.”

பார்த்தீர்களா என்பதுபோல் அவள் கணவர் பக்கம் திரும்பினாள்.

“நான் அழிச்சிட்டேனே” என்றார் அவர், பரிதாபமாக.

வேறு வழியில்லை. மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார்கள். சாட்சிக்கு இருக்கட்டும் என்று, திரையில் வந்த ஒவ்வொரு வரியையும் அவள் உரக்கப் படித்தாள். பாஸ்வேர்டு அடிக்கும்போது மட்டும், போனுக்குக்கூடத் தெரியக் கூடாது என்பதுபோல் கீபோர்டைக் கையால் மறைத்துக்கொண்டாள்.

எந்த டிஸ்கில் போடவேண்டும் என்று திரை கேட்டது. “மேலே இருக்கிறதுதானே?” என்று கேட்டுக்கொண்டே கணவர் அதைத் தேர்ந்தெடுத்தார்.

“கையை எடுங்க! அது பழைய ரிப்போர்ட்டெல்லாம் காப்பி பண்ணி வெச்ச டிஸ்க். அத்தனையும் போயிடும். கீழே இருக்கிறதுதான் புதுசு!”

போனில் பெருமூச்சு விட்ட சத்தம் கேட்டது.

“அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன் மேடம். நீங்களே பிடிச்சிட்டீங்க.”

கடைசியில் லேபின் பெயர் மறுபடி திரையில் வந்தது. அவள் கோபம் மட்டும் போகவில்லை.

“ஒரே வேலைக்கு எங்களை ரெண்டு தடவை அலைக்கழிச்சிட்டீங்க. உங்க மேல புகார் கொடுக்கப் போறேன். எந்த நம்பர்ல கொடுக்கணும்?”

“இதே நம்பர்தான் மேடம். ஆனா இன்னிக்கே கொடுத்துடுங்க. நாளைலேர்ந்து இதை எடுக்க ஆள் கிடையாது. சின்ன இடங்களுக்கு உதவி செய்யற எங்க பிரிவையே மூடிட்டாங்க. மத்தவங்க எல்லாம் மதியமே கிளம்பிட்டாங்க.”

நம்பர் எழுத எடுத்த பேனாவை அவள் மூடிவைத்தாள்.

“முன்னாடியே சொல்லியிருக்கலாமே?” என்றார் கணவர்.

“பயந்திருப்பீங்க சார். பயந்தா கை தப்பான பட்டனுக்குத்தான் போகும். இனிமே சர்வர் படுத்துக்கிட்டா நீங்களே எழுப்பிடுவீங்க.” குரல் கொஞ்சம் அவசரப்பட்டது. “வெச்சிடட்டுமா மேடம்? ஒரு பல் ஆஸ்பத்திரி லைன்ல காத்துக்கிட்டிருக்கு. அவங்களையும் ஒரு தடவை அழிக்க வெச்சிட்டுத்தான் நான் வீட்டுக்குப் போகணும்.”