தொட்டிக்கு மேலே திரும்பினாள்

வலது இருக்கை காலியாக இருந்தது.

முதல் முறையாக.

பரிமளா மேடம் அதன் பட்டையை இறுக்கிக் கட்டிவிட்டு இறங்கினார். கதவைச் சாத்துமுன் குனிந்து சொன்னார்.

"ஒரே ஒரு சுத்து. அவசரமே இல்ல. சரியா வரலன்னா இறக்காத, மேல போயிடு."

பயிற்சியாளரின் எடை இல்லாத விமானம் துள்ளி ஏறியது. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. இன்று அவளுக்கு வேறு வேலை இருந்தது.

மற்றவர்கள் பதினெட்டு, இருபது மணி நேரப் பயிற்சியில் தனியாகப் பறந்துவிட்டார்கள். அவளுக்கு நாற்பத்தொன்று. இருபத்தாறாவது மணி நேரத்தில், அதுவரை கற்றுக்கொடுத்த கேப்டன் சுகுமாரன் அவளைக் கைகழுவினார். வகுப்பறையில், பதினோரு பேர் முன்னால்.

"உனக்கெல்லாம் ஸ்கூட்டியே அதிகம்மா."

பதினோரு பேரும் சிரித்தார்கள். பாவம், அவர்களுக்கும் அவர்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

பிறகு பரிமளா மேடம் அவளை எடுத்துக்கொண்டார். ஒரே ஒரு திருப்பத்தை ஒரு வாரம் சொல்லிக்கொடுத்தார். ஒரு தடவைகூடக் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. மூன்று நாள் முன்பே அவளைத் தனியாக அனுப்பத் தயாராக இருந்தார்.

திங்கட்கிழமை போகிறேனே என்று அவள்தான் கெஞ்சினாள்.

உன் இஷ்டம், உனக்கு எப்போது முடிகிறதோ அப்போது போ என்றுவிட்டார் மேடம். நல்ல மனுஷி. திங்கட்கிழமைதான் சுகுமாரன் விடுப்பு முடிந்து வருகிறார் என்பதை அவர் யோசிக்கவில்லை.

ஓடுபாதை இப்போது கீழே, இடது பக்கம். அதன் முனைக்கு வெளியே ஒரு வெள்ளை விமானம் நின்றது. அதில் சுகுமாரன் இருந்தார்.

அந்தச் சின்ன மைதானத்தில் கட்டுப்பாட்டுக் கோபுரம் கிடையாது. யார் எங்கே பறக்கிறார்கள் என்பதை அவரவரே ரேடியோவில் சொல்ல வேண்டும். இறங்கி வரும் விமானத்துக்குத்தான் முதல் உரிமை. ஓடுபாதைக்குள் நுழைகிறவர் கழுத்தைத் திருப்பி வானத்தைப் பார்த்துவிட்டு நுழைய வேண்டும். முதல் நாள் பாடம் அது.

அவள் பறக்கும்போது மட்டும் சுகுமாரன் பார்ப்பதில்லை.

எல்லோரும் தண்ணீர்த் தொட்டிக்கு மேலேயே ஓடுபாதையை நோக்கித் திரும்பிவிடுவார்கள். அவள் அதையும் தாண்டி, செங்கல் சூளைவரை போய்த்தான் திரும்புவாள். பயம்தான்.

"அம்மா சூளைக்குப் போயி செங்கல் எண்ணிட்டு வர்றதுக்குள்ள நான் ஏறிப் போயிடுவேன்" என்பார் சுகுமாரன். பலமுறை அப்படியே போயும் இருக்கிறார்.

அவர் விடுப்பில் இருந்த இரண்டு வாரத்தில் அவள் தொட்டிக்கு மேலே திரும்பக் கற்றுக்கொண்டாள். அது அவருக்குத் தெரியாது.

தொட்டி வந்தது.

அவள் திரும்பினாள்.

இறங்கும் நேர்கோட்டுக்கு வந்ததும் ரேடியோவில் "ஃபைனல்" என்றாள். சூளையிலிருந்து வந்தாலும் இதே சொல்தான். கூட ஒரு வார்த்தை சேர்க்கலாம், கிட்டே வந்துவிட்டேன் என்று. விதி அதைக் கேட்கவில்லை.

அவள் சொல்லவில்லை.

வெள்ளை விமானம் அசைந்தது.

வா, என்று நினைத்தாள். பிறகு வாய்விட்டே சொன்னாள். வா.

அது ஆற அமர உருண்டு ஓடுபாதைக்குள் வந்து, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது.

முந்நூறு அடி உயரத்திலேயே அவள் இறங்காமல் மேலே போயிருக்கலாம். நூறு அடிவரை காத்திருந்தாள். தன் சக்கரங்களின் நிழல் அந்த ஆளின் கண்ணாடியில் விழ வேண்டும் என்று ஆசைப்பட்டாள். அதற்குப் பிறகுதான் த்ராட்டிலை முழுவதும் தள்ளினாள்.

விமானம் உறுமிக்கொண்டு அவர் தலைக்கு மேலே போனது.

இனித்தது. பொய் சொல்வானேன், அப்படி இனித்தது.

அடுத்த சுற்றில் பூப்போல இறங்கினாள்.

முதல் முறை தனியாகப் பறந்து வந்தவர் தலையில் வாளித் தண்ணீரை ஊற்றுவது அங்கே வழக்கம். நாலு வாளி நிரம்பி நின்றது. யாரும் தொடவில்லை. எல்லோரும் சுகுமாரனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் கொட்டகை வாசலில் வெறும் தரையில் உட்கார்ந்திருந்தார்.

அலுவலகத்தில், நடந்ததை எழுதித் தரச் சொல்லி அவளிடம் ஒரு படிவம் தந்தார்கள். அது டெல்லிக்குப் போகும். விசாரணை முடியும்வரை சுகுமாரன் யாருக்கும் கற்றுக்கொடுக்க முடியாது. அவருடைய வயதுக்கு, அதன் பிறகும் முடியாது.

அவள் பாதிப் படிவம் எழுதியிருந்தபோது ஒரு பெண் உள்ளே வந்தாள். பெனிட்டா. பயிற்சிக்குச் சேர்ந்து நாலே நாள். சட்டையில் வாந்தி.

வெள்ளை விமானத்தின் இடது இருக்கையில் இருந்தது அவள்தான்.

கற்றுக்கொள்கிற பிள்ளை இல்லாமல் பயிற்சியாளர் எதற்கு ஓடுபாதைக்கு வரப்போகிறார்? மூன்று நாளாகத் திட்டம் போட்டவளுக்கு இது தோன்றவே இல்லை.

பெனிட்டா அவள் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க மட்டும் பாக்கலன்னா, எங்கம்மாகிட்ட என்னைய பொட்டலமாத்தான் குடுத்திருப்பாங்கக்கா."

அந்தக் கைகள் ஜில்லென்று இருந்தன. கொஞ்ச நேரம் தன் கையை அவற்றுக்குள்ளேயே விட்டுவைத்தாள். பிறகு கையை விடுவித்துக்கொண்டு பேனாவை எடுத்தாள்.

கடைசிக் கேள்வி பாக்கி இருந்தது.

மற்ற விமானத்தை முதலில் எப்போது பார்த்தீர்கள்?

பெனிட்டா அவள் தோளுக்குப் பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்தாள்.

அவள் எழுதினாள்.

அது ஓடுபாதைக்குள் நுழைந்த பிறகு.