டாக்டர் பார்க்காத மேட்ச்

“நேத்து ஃபுட்பால் மேட்ச் ரிசல்ட்டை யாரும் உள்ளே போய்ச் சொல்லிடாதீங்க. டாக்டர் இன்னும் பார்க்கலை. சாயங்காலம்தான் ஹைலைட்ஸ் பார்க்கப் போறார்.”

பல் ஆஸ்பத்திரியில் நர்ஸ் இப்படிச் சத்தமாகச் சொன்னதும் என் மச்சானுக்கு வந்ததே கோபம்!

“பார்த்தீங்களா அத்தான் அநியாயத்தை? இங்கே ஒருத்தன் உயிர் போற வலியில உட்கார்ந்திருக்கான். அவருக்கு ஹைலைட்ஸ் கேட்குது!”

நியாயமான கோபம்தான். அவன் கன்னம் வீங்கி, பக்கவாட்டில் இன்னொரு தலை முளைக்கப் போவது போல இருந்தது. ஒரு வாரமாக வாய்க்குள் போனதெல்லாம் நீராகாரம். இன்றைக்குப் பல்லை எடுக்காவிட்டால் சீழ் தாடைக்கு இறங்கிவிடும், அப்புறம் ஆபரேஷன்தான் என்று எங்கள் குடும்ப டாக்டர் கையை விரித்துவிட்டார்.

ஆனால், யார் எடுப்பது? பிரேக் போன லாரியை மலைச்சரிவில் காலை ஊன்றியே நிறுத்தியவன் என் மச்சான். (அவன் சொன்னதுதான். நானும் வேண்டிய இடங்களில் சொல்லி வருகிறேன்.) அப்பேர்ப்பட்டவன், பல் டாக்டர் ஊசியை எடுத்தால் ஓடிவிடுவான். போன தடவை ஓடிய வேகத்தில் நாற்காலியும் அவனோடு தெருமுனை வரை வந்தது.

இப்போதும் எழுந்துவிட்டான். “வாங்க அத்தான், போயிடலாம். மேட்ச் நினைப்புல இருக்கிற ஆள்கிட்ட வாயைக் காட்டினா, பல்லுன்னு நினைச்சு நாக்கைப் பிடுங்கிடுவார்.”

“போலாமே. ஆனா பல்லோட வந்தா ரெண்டு பேருக்கும் வீட்ல இடமில்லைன்னு உங்க அக்கா சொல்லியிருக்கா. நீயே பேசிக்கோ.”

அக்கா பேரைச் சொன்னதும் உட்கார்ந்துவிட்டான். கொஞ்ச நேரம் யோசித்தான். திடீரென்று வீங்காத பக்கம் மட்டும் சிரித்தது.

“சரி, உள்ளே போறேன். போனதும் முதல் வேலையா ஸ்கோரைப் போட்டு உடைக்கிறேன். வேணும் அவருக்கு!”

“பாவம்டா, விட்டுடு.”

“என் பல்லு மட்டும் என்ன பாவம் பண்ணிச்சு?”

முறை வந்ததும் கல்யாண மாப்பிள்ளை மாதிரி நடந்து போனான். யாரும் சொல்லாமலே நாற்காலியில் ஏறிப் படுத்தான். நான் கதவை அடைத்துக்கொண்டு நின்றேன். பட்டறிவு!

“டாக்டர், நேத்து மேட்ச்ல பாருங்க...”

“ஐயையோ, சார்!” டாக்டர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். “உங்களுக்குப் புண்ணியமாப் போகும், சொல்லிடாதீங்க. எவ்வளவு ஆசையா வச்சிருக்கேன் தெரியுமா? எங்கே, வாயைத் திறங்க.”

“பெனால்டி வரைக்கும் போய்...”

“பெனால்டியா? போச்சு, பாதிக் கதையைச் சொல்லிட்டீங்களே!”

டாக்டரின் முகம் அழுகிற முகமானது. மச்சான் அதைக் கண்கொட்டாமல் ரசித்துக்கொண்டிருந்தான். டாக்டரின் கையில் இருந்த ஊசியை நான் பார்த்தேன். அவன் பார்க்கவில்லை. அது உள்ளே போனதும் வெளியே வந்ததும் அவனுக்கு வாயில் ஏதோ ஈ உட்கார்ந்து எழுந்த மாதிரி.

சற்று நேரத்தில் நாக்கு மரத்துவிட்டது.

“கழைசி கோழு... யாழு போத்தான்னா...”

“அப்பாடா, ஒண்ணும் புரியலை,” என்றார் டாக்டர்.

விடுவானா? விரலைத் தூக்கினான். இந்தக் கையில் நாலு. அந்தக் கையில் எத்தனை என்று காட்டுவதற்குள் டாக்டர் சட்டென்று குனிந்து அவன் வாய்க்குள் பார்வையைத் திருப்பிக்கொண்டார். இவன் கையைத் தாழ்த்தி அவர் மூக்குக்குக் கீழே கொண்டுபோனான். அவர் அந்தப் பக்கம் சாய்ந்தார். இவனும் அந்தப் பக்கம் நீட்டினான். ஹைலைட்ஸில் போடவேண்டிய ஆட்டம் அதுதான்!

‘டங்’கென்று தட்டில் ஏதோ விழுந்தது.

மச்சானின் விரல்கள் அந்தரத்தில் நின்றன. தட்டை எட்டிப் பார்த்தான்.

“இழு யாழு பல்லு?”

“உங்களோடதுதான் சார்.”

மச்சான் தன் கன்னத்தைத் தடவிப் பார்த்தான். என்னைப் பார்த்தான். மறுபடி தட்டைப் பார்த்தான். மறுபடியும் விரலைத் தூக்கப்போனவன் வாயில் டாக்டர் பஞ்சை வைத்தார். “இதை நல்லா அழுத்திக் கடிச்சுக்குங்க. வீடு போய்ச் சேர்ற வரைக்கும் பேச்சே கூடாது.”

வெளியே வந்து உட்கார்ந்தவன் முகத்தில் ஈயாடவில்லை. பல் போன வருத்தமா? அதெல்லாம் இல்லை. ஸ்கோர் வாயிலேயே தங்கிப்போன வருத்தம்.

எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. திரும்ப உள்ளே போனேன். டாக்டர் கை கழுவிக்கொண்டிருந்தார்.

“மன்னிச்சுக்குங்க டாக்டர். அவன் கொஞ்சம் வம்பு பிடிச்சவன். நல்லவேளை, முழுசாச் சொல்லலை. சாயங்காலம் நிம்மதியா மேட்ச் பாருங்க.”

“எந்த மேட்ச்?” என்றார் டாக்டர்.

நான் விழித்தேன். அதற்குள் நர்ஸ் எட்டிப் பார்த்தாள்.

“டாக்டர், அடுத்தது ஒரு அம்மா. வாசல்லயே நின்னு அழறாங்க, உள்ளே வரமாட்டேங்கிறாங்க. விசாரிச்சுட்டேன். மேட்ச் எல்லாம் பார்க்க மாட்டாங்களாம், சீரியல்தானாம்.”

டாக்டர் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

“அப்போ, நேத்து சீரியலை நான் இன்னும் பார்க்கலை, மருமக கதி என்னாச்சுன்னு யாரும் உள்ளே வந்து சொல்லிடக் கூடாதுன்னு அவங்க காதுல விழற மாதிரி சத்தமாச் சொல்லிட்டு வாம்மா.”