குரலுக்கு எத்தனை மதிப்பெண்?

நோயாளி எதை முக்கியம் என்கிறாரோ, அதை வைத்துத்தான் எங்கள் ஆஸ்பத்திரியில் சிகிச்சைக்கு மதிப்பெண். அந்தப் படிவத்தை நிரப்புவது என் வேலை.

அன்று எதிரே உட்கார்ந்திருந்தவர், அந்தப் படிவத்தையே உருவாக்கிய ஓய்வுபெற்ற அதிகாரி. இவர்மேல் ஏழு வருடமாகக் கறுவிக்கொண்டிருந்தேன். இன்றுதான் வருவார் என்று தெரிந்திருந்தால் காலர் நையாத சட்டையாகப் போட்டு வந்திருப்பேன்.

அவருக்குத் தொண்டையில் கட்டி.

“உங்களுக்கு எது முதல்ல வேணும் சார்?” என்று கேட்டேன்.

“குரல்தான் தம்பி. பேத்திக்குக் கதை சொல்லணும்.”

“ஆயுள்?”

“அது ரெண்டாவது. வாய்பேச முடியாம பத்து வருஷம் இருந்து என்ன பண்ண? குரலைக் காப்பாத்துற சிகிச்சையா குடுங்க.”

“நீங்க முக்கியம்னு சொன்னாலும், பேசிப் பிழைக்கிற தொழில் இல்லாதவங்களுக்குக் குரலுக்குப் பூஜ்யம்தான் சார். பூஜ்யம்னா அந்தச் சிகிச்சை கிடையாது. விதி அப்படி.”

“எந்த மடையன் போட்ட விதி?”

படிவத்தின் அடியில் இருந்த கையெழுத்தைக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு தடவை பார்த்தார். அவருடையதேதான்.

“அப்போ யாரும் மறுத்துச் சொல்லலையே தம்பி.”

“ஒருத்தன் சொன்னான் சார். குரல்தான் வேணும்னு எழுதிக் குடுத்தான். அதை அடிச்சிட்டு ‘ஆடம்பரம்’னு எழுதினீங்க.”

“யாரு அவன்?”

அதுவரை நான் சொன்னதையெல்லாம் எழுதிக் காட்டிய வெள்ளைப் பலகையை மேசைமேல் வைத்தேன். கழுத்துத் துண்டை அவிழ்த்து, தொண்டையில் இருந்த ஓட்டையைக் காட்டினேன்.

அவர் அழ ஆரம்பித்தார். பாவமாகத்தான் இருந்தது. ஆனால், சத்தம் போட்டு அழுதார்.

பொறாமையில், பூஜ்யத்தைக் கொஞ்சம் பெரிதாகவே போட்டேன்.