வாய் திறக்காத சிப்பி

கடல் உள்வாங்கிய நண்பகல். கனடாவின் வான்கூவர் தீவுக் கரையில் ஐந்தாம் நாளாக அனல் அடிக்கிறது. பாறையில் அப்பியிருக்கும் சிப்பிகள் ஓட்டுக்குள்ளேயே வெந்து, வாயைப் பிளந்து கிடக்கின்றன. சமையற்கட்டு மாதிரி மணக்கிறது. அந்த மணத்துக்குத் தன் நாக்கில் எச்சில் ஊறுவதைத்தான் லோர்னாவால் பொறுக்க முடியவில்லை. மூன்று வருடமாக, மாதம் தவறாமல் ஆராய்ச்சிக்காக அவள் சிப்பிகளை எண்ணிவரும் பாறை இது. முட்டி சுடச்சுட மண்டியிட்டு எண்ணுகிறாள். தாளில் ‘உயிருள்ளவை’ என்ற கட்டம் இன்னும் காலியாகவே இருக்கிறது. “பூஜ்யம்னு எழுதிட்டு வாக்கா. வெண்ணெய் கொண்டாந்திருந்தா விருந்தே வச்சிருக்கலாம்” என்கிறான் தம்பி வெண்டல். “வாயை மூடுடா. இங்க ஒண்ணு உசுரோட இருக்கு.” பாசி படிந்த ஒற்றைச் சிப்பி, இறுக மூடியிருக்கிறது. கடல்நீரை உள்ளங்கையில் அள்ளிவந்து அதன்மேல் விடுகிறாள். கட்டத்தில் ஒன்று என்று எழுதுகிறாள். வெண்டல் குனிந்து அதை நகத்தால் தட்டுகிறான். பிளாஸ்டிக் சத்தம் கேட்கிறது. “அக்கா, சூட்டை அளந்து குறிக்கிற கருவிய உள்ள வச்சு, போன வருஷம் நீயே பசை போட்டு ஒட்டின பொய்ச் சிப்பி இது.” அவன் குரலில் இப்போது கேலி இல்லை. லோர்னா கட்டத்தில் எழுதிய ஒன்றை அடித்துவிட்டுப் பூஜ்யம் போடுகிறாள். அந்தச் சிப்பி மட்டும் வாயே திறக்காமல் வெயிலைக் குறித்துக்கொண்டிருக்கிறது.