கரையில் நின்ற ஆள்

இன்றும் கரையில் அந்த ஆள் நின்றான்.

மேட்டுப் புல்லில் குப்புறப் படுத்திருந்த மெரேனாவுக்கு வயிறு எரிந்தது. இந்தப் பக்கத்து ஆட்டுக்காரர் எவரிடமும் இல்லாத ஆரஞ்சு மழைக்கோட்டு. சந்தேகமே இல்லை, சுற்றுலாக்காரன்தான்.

அலை நுரையில் மஞ்சள் பட்டை போட்ட தலை ஒன்று எட்டிப் பார்த்தது. ஆளைக் கண்டதும் மறுபடி முங்கியது.

ஹொய்ஹோ பென்குயினின் குணம் அது. விடிந்ததிலிருந்து கடலில் அலைந்து வயிறு நிறைய மீனோடு திரும்பும். கரையில் ஒரு மனிதத் தலை தெரிந்தால் ஏறாது. அப்படி ஒரு கூச்சம்.

பின்னால் புதருக்கடியில் குஞ்சு கத்திக்கொண்டிருந்தது. தகப்பனைப் போன மாதம் சுறா கொண்டுபோயிற்று. இந்த வருஷம் இந்தக் கரையில் பொரித்ததே இது ஒன்றுதான். இரண்டு நாள் பட்டினி. இன்றும் தாய் வராவிட்டால் தாங்காது.

வீட்டில் சொல்லி அழவும் வழியில்லை. "மீன் நாத்தம் புடிச்ச கோழிக்கு இவ்வளவு சீராட்டா?" என்பார் கணவர் க்ளைவ். மூன்று நாளாகச் சாயங்காலமானால் வேலி கட்டக் கிளம்பிவிடுகிறார் மனுஷன்.

பொறுத்தது போதும். பாறைகளைச் சுற்றி இறங்கினாள்.

"யோவ், மூளை இருக்கா உனக்கு? நீ இப்படி நட்டுவச்ச மாதிரி நின்னா அது எப்படிய்யா கரையேறும்?"

ஆரஞ்சுக் கோட்டு திரும்பியது.

க்ளைவ்.

காலரில் விலைச்சீட்டைக்கூட இன்னும் கிழிக்கவில்லை. பக்கத்தில் கோணல் எழுத்தில் ஒரு பலகை: 'பென்குயின் வரும் நேரம். யாரும் இறங்காதீர்கள்.'

"ஊர்சுத்த வர்றவங்க யாரும் இறங்கிடக் கூடாதேன்னு காவலுக்கு..." என்றவரின் முகம் வெளுத்தது. "அப்போ மூணு நாளா அதை வரவிடாம பண்ணினது நானா?"

வாய்வரை வந்த வசவெல்லாம் மெரேனாவுக்கு மறந்துபோயிற்று. கோட்டைப் பிடித்து இழுத்துப் பாறைக்குப் பின்னால் அவரை உட்காரவைத்தாள்.

கால்மணி நேரம் ஆயிற்று. தாய் கரையேறியது. இரண்டு பக்கமும் பார்த்தது. பலகையைத் தாண்டித் தத்தித் தத்தி மேட்டுக்குப் போனது.

குஞ்சின் கத்தல் நின்றது.

மெரேனாவுக்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது. க்ளைவ் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சிரிக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணு. குஞ்சுக்கு நான் வச்சிருக்கற பேரைச் சொல்றேன்."