காட்டடி

காட்டடின்னா தெரியுமில்ல? கண்ணை மூடிக்கிட்டு, திசை பார்க்காம, வந்த பந்தையெல்லாம் சுழட்டி விளாசுறது. பேக்கரியில மாவு பிசையிற எங்காளுக்கு அதுவே பேரா நின்னுபோச்சு.

கை ஒவ்வொண்ணும் தூணு! அவன் அடிச்சா எதிர் டீம்காரனே வாயைப் பொளந்துக்கிட்டு கை தட்டுவான்.

ஒரே ஒரு கெட்ட பழக்கம்.

தெருமுனையில மஞ்சள் கேட் வீடு. அதுக்குள்ள பந்து விழுந்தா அவுட். அடிச்சவனே போய் எடுத்துட்டு வரணும். எங்க தெரு சட்டம் அது. ஒவ்வொரு மேட்ச்லயும் பய அங்கதான் அடிச்சு அவுட்டாவான்.

இன்னிக்கு ஃபைனல். கடைசி பந்து. ஜெயிக்க ஒரே ரன்னு.

கேப்டன் டெய்லர் கையெடுத்துக் கும்பிட்டார். "ராசா, சும்மா தட்டிட்டு ஓடு. அந்த வீட்டுப் பக்கம் மட்டும் வேணாம்டா."

"சரி மாமா."

டமால்!

அம்மாடியோவ்! லைட்டுக் கம்பத்தைத் தாண்டி, மொட்டைமாடிக் கொடித்துணியைத் தாண்டி... அம்பயரா நின்ன சலூன்காரருக்கு அண்ணாந்து அண்ணாந்து கழுத்தே சுளுக்கிக்கிச்சு.

நேரா மஞ்சள் கேட்டுக்குள்ள!

"அவுட்டு!"

காட்டடி பேட்டைப் போட்டுட்டு பந்தெடுக்கக் கிளம்பிட்டான்.

"பாவி, கெடுத்தானே!" டெய்லர் தலையில அடிச்சுக்கிட்டார்.

"அது அவன் அண்ணன் வீடாச்சே கேப்டன்," விக்கெட் கீப்பர் ஊதிவிட்டான். "பேச்சுவார்த்தை நின்னு வருஷக்கணக்காச்சு. 'நீ கூப்பிடாம வரமாட்டேன்'னு இவன். 'நான் கூப்பிடவே மாட்டேன்'னு அவர். அந்த வஞ்சம்!"

"அதுக்காக? பெத்த அம்மா படுத்த படுக்கையா கிடக்கிற வீட்டுலயா பந்தை விடுவான்? இன்னிக்கு அவனை ரெண்டுல ஒண்ணு பார்த்துடறேன்!"

தையல் மெஷின் மாதிரி படபடன்னு ஓடினார். வேடிக்கை பார்க்க நானும் பின்னாடியே.

காட்டடி கேட்டுக்கு வெளிய தயங்கி நின்னான். நாங்க பக்கத்துச் சுவர் வழியா எட்டிப் பார்த்தோம்.

உள்ள அண்ணன். பந்து அவர் காலடியிலதான் கிடந்தது. காட்டடி கேட்டைத் திறக்கிற சத்தம் கேட்டதும், மனுஷன் அதைக் காலாலயே பூந்தொட்டிக்குப் பின்னாடி தள்ளிவிட்டார்.

"பந்து விழுந்துச்சு"ன்னான் காட்டடி, தரையைப் பார்த்து.

அண்ணனும் அவன் முகத்தைப் பார்க்கலை.

"அம்மா கட்டிலுக்கு அடியில உருண்டு போயிடுச்சு. உள்ள போய்த் தேடு... மெதுவாத் தேடு, ஒண்ணும் அவசரமில்லை."